குழிக்குள் கிடக்கும் சாவி: ஒரு புதிர் கேம் எப்படி உருவாகிறது?

ஆழமான குழி ஒன்று. அதன் அடியில் ஒரு சாவி கிடக்கிறது. அந்தச் சாவி இருந்தால்தான் மேலே இருக்கும் கதவு திறக்கும். குதித்து இறங்குவது சுலபம். ஏறி வரத்தான் வழியில்லை. ஏணி கிடையாது, எவ்வளவு எம்பித் தாவினாலும் விளிம்பு எட்டாது. உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வசதி. ஒரு பட்டனை அழுத்தினால், அந்தக் காலத்துக் கேசட்டை ரீவைண்ட் செய்வது போல, நடந்ததெல்லாம் பின்னோக்கி ஓடும்.

இறங்குகிறீர்கள், சாவியை எடுக்கிறீர்கள், பட்டனை அழுத்துகிறீர்கள். விழுந்த வழியிலேயே உடல் மேலே போகிறது. காலம் பின்னால் போனால் சாவியும் பழைய இடத்துக்கே போய்விட வேண்டுமே? போகவில்லை. கையிலேயே இருக்கிறது. அப்போதுதான் உறைக்கிறது: அந்தச் சாவியைச் சுற்றி ஒரு பச்சை மினுக்கம் இருந்தது. பச்சையாக மினுங்கும் பொருளை ரீவைண்ட் தொடாது.

'பிரெய்ட்' என்ற கேமில் வரும் இடம் இது. முதல் தடவை இதைக் கண்டுபிடித்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திரையில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. ஆனாலும் அந்த உலகத்தின் ஒரு விதி எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு கணத்தை உருவாக்கப் பின்னால் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கேம் செய்வது பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். ஓடி, தாவி, ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் கேம்களைப் பிளாட்ஃபார்மர் என்கிறார்கள். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். அதில் சவால் விரலுக்கு. சரியான நேரத்தில் பட்டனை அழுத்தினால் தப்பிக்கலாம். புதிர் பிளாட்ஃபார்மரில் சவால் தலைக்கு. எங்கே தாவுவது என்பதைவிட, எதற்காகத் தாவுவது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் கேள்வி. இந்த யோசனை பழையது. 1983இல் வந்த 'லோட் ரன்னர்' கேமில் தாவலே கிடையாது. தரையில் குழி தோண்டி, துரத்துபவர்களைச் சிக்கவைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும். 1993இல் 'தி லாஸ்ட் வைக்கிங்ஸ்' மூன்று ஆட்களைக் கொடுத்தது. ஒருவனுக்குத் தாவத் தெரியும், ஒருவனிடம் கேடயம், ஒருவனிடம் வாளும் வில்லும். மூவரும் சேர்ந்தால்தான் வாசலை அடைய முடியும்.

இண்டி கேம் என்பது பெரிய நிறுவனத்தின் பணமும் மேற்பார்வையும் இல்லாமல், ஒருவரோ சிலரோ சேர்ந்து சொந்தப் பொறுப்பில் செய்வது. பெரிய நிறுவனம் ஒன்று நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துச் செய்யும் வேலையை, இங்கே ஒரே ஆள் மாறி மாறிச் செய்கிறார். காலையில் கோடிங், மதியம் லெவல் வரைவது, ராத்திரி சத்தம் சேர்ப்பது.

பிரெய்ட் அப்படித்தான் தொடங்கியது. ஜொனாதன் புளோ என்ற அமெரிக்க புரோகிராமர் 2004 டிசம்பரில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். கேம் வெளிவந்தது 2008 ஆகஸ்ட் 6 அன்று. நடுவில் மூன்றரை வருடங்களுக்கு மேல்.

ஒரு விதியும் அதனிடம் கேட்கும் கேள்விகளும்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் தடைகளிலிருந்து தொடங்குகிறார்கள். இங்கே ஒரு பூட்டு வைப்போம், அங்கே ஒரு சாவியை ஒளித்துவைப்போம், நடுவில் நாலு முள் வைப்போம் என்று. நானும் நோட்டில் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன். அதில் கிடைப்பது அலைச்சல்தான். ஆடுகிறவர் சாவியைத் தேடி அலைவார், கிடைத்ததும் திறப்பார். அவருக்குப் புதிதாக எதுவும் புரிந்திருக்காது.

நல்ல புதிர் பிளாட்ஃபார்மர் ஒரு விதியிலிருந்து தொடங்குகிறது. அந்த விதியை எடுத்துவைத்துக்கொண்டு, 'இது உண்மை என்றால் வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். பதில்கள்தான் புதிர்கள். சொல்லப்போனால் அந்தப் புதிர்கள் விதி பிறந்த அன்றைக்கே அதற்குள் இருந்தவை. கேம் செய்பவர் அவற்றைத் தோண்டி எடுக்கிறார், அவ்வளவுதான். இந்தத் துறையில் நான் கற்றவற்றில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

பிரெய்டில் நடந்ததைப் பாருங்கள். காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவது அப்போதே புதிதல்ல. 2003இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமில் அது இருந்தது. ஆனால் அங்கே அதற்கு அளவு உண்டு. ரீவைண்டுக்குச் செலவாகும் மாய மணல் கையிருப்பில் தீர்ந்தால் முடிந்தது. அதனால் ரீவைண்ட் என்பது சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய ஒரு பொருளாக, உயிர் தப்பும் கடைசி வழியாக மட்டும் இருந்தது. பிரெய்ட் அந்த அளவை எடுத்துவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும், லெவலின் தொடக்கம்வரைகூட பின்னால் போகலாம். எடுத்தவுடன் என்ன ஆகிறது? சாவுக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. முள்ளில் விழுந்தால் பட்டனை அழுத்தினால் போதும். மூன்று உயிர், ஆட்டம் முடிந்தது என்ற பழைய ஏற்பாடெல்லாம் தேவையற்றதாகிறது. அப்போது, தவறுக்குத் தண்டனையே இல்லாத உலகில் எது கடினம் என்ற கேள்வி தானாக எழுகிறது. புரிந்துகொள்வது மட்டும்தான் கடினம். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஒவ்வொரு உலகமும் வருகிறது (கேமின் ஒவ்வொரு பகுதியையும் உலகம் என்கிறார்கள்).

ஆட்டம் இரண்டாம் உலகத்தில் தொடங்குகிறது (முதலாம் உலகம் கடைசியில்தான் வரும்; அதற்குக் காரணம் இருக்கிறது). இரண்டாம் உலகத்தில் ரீவைண்ட் மட்டும். மூன்றாம் உலகத்தில், 'ரீவைண்டுக்குக் கட்டுப்படாத பொருள் இருந்தால்?' என்ற கேள்வி. அதன் பதில்தான் குழிக்குள் கிடந்த அந்தச் சாவி.

நான்காம் உலகத்தில் காலமே உங்கள் காலடியோடு கட்டப்பட்டிருக்கிறது. வலப்பக்கம் நடந்தால் நேரம் முன்னே போகும், இடப்பக்கம் நடந்தால் பின்னே போகும், நின்றால் எல்லாமே நிற்கும். பின்னணி இசைகூட உங்கள் நடையோடு சேர்ந்து முன்னும் பின்னுமாக ஓடும். கதவைத் திறந்துவிட்டு இரண்டடி இடப்பக்கம் வந்தால் கதவு திரும்ப மூடிக்கொள்ளும், ஏனென்றால் அது திறக்கப்படுவதற்கு முந்தைய நேரத்துக்கு நீங்கள் நடந்துவிட்டீர்கள். எதிரியை வலப்பக்கமாக ஓடி மிதித்துக் கொன்றால், திரும்பி வரும்போது அவன் உயிரோடு எழுந்து நிற்பான். ஒரு இடத்துக்குப் போவதும் ஒரு நேரத்துக்குப் போவதும் ஒன்றாகிவிட்டது. இதை ஐந்து நிமிடம் ஆடினாலே தலை கிறுகிறுக்கும்.

ஐந்தாம் உலகத்தில் இன்னொரு கேள்வி: 'ரீவைண்ட் செய்ததும் அழிந்துபோன அந்த நேரம் எங்கே போயிற்று?' நீங்கள் ஒரு நெம்புகோலை இழுத்துவிட்டுப் பின்னால் வந்தால், இழுத்த அந்த 'நீங்கள்' ஒரு நிழலாக மறுபடி தோன்றி, அதே செயல்களைச் செய்துகாட்டும். நிழல் நெம்புகோலை இழுக்கும் நேரத்தில் நீங்கள் கதவுக்குள் நுழைந்துகொள்ளலாம். கைவிட்ட காலம் உங்களுக்குக் கூட்டாளியாகிறது. ஆறாம் உலகத்தில் ஒரு மோதிரம்; அதைக் கீழே வைத்தால் அதன் பக்கத்தில் காலம் மெதுவாகும், தள்ளிப் போகப்போக வேகம் திரும்பும்.

இத்தனையும் ஒரே விதியின் பிள்ளைகள். புது ஆயுதம் கிடையாது, புதுச் சக்தி வாங்கும் கடை கிடையாது. ஒரே லெவல் அமைப்பு வேறொரு உலகத்தில் திரும்பவும் வருகிறது; விதி மாறியிருப்பதால் போன தடவை வேலை செய்த வழி இந்தத் தடவை வேலை செய்யாது. விதி எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ரீவைண்ட் உள்ளே எப்படி ஓடுகிறது?

இங்கே கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம்.

திரையில் தெரியும் கேம் என்பது வேகமாகப் புரளும் படங்கள். ஒரு வினாடிக்கு 60 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் கம்ப்யூட்டர் எல்லாப் பொருட்களின் இடத்தையும் வேகத்தையும் திரும்பக் கணக்கிடுகிறது. அப்படியானால் பின்னோக்கி ஓட்டுவதற்கு அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் போதாதா?

போதாது. ஒரு பந்து சுவரில் மோதி நின்றுவிட்டது என்று வைப்போம். இப்போது அதன் வேகம் பூஜ்யம். எந்த வேகத்தில் வந்து மோதியது? நின்ற பந்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; அந்தத் தகவல் தொலைந்துவிட்டது. கூட்டல் கழித்தலை வேண்டுமானால் திருப்பிப் போடலாம், தொலைந்த தகவலைத் திருப்ப முடியாது. அதனால் பிரெய்ட் நேர்வழியில் போகிறது: ஒவ்வொரு ஃபிரேமிலும் உலகத்தின் நிலை என்ன என்பதைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறது. ரீவைண்ட் என்பது அந்தப் பதிவேட்டைப் பின்னாலிருந்து படிப்பது.

அப்படியே எல்லாவற்றையும் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு லெவலில் 100 பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் இடம், வேகம், நிலை எல்லாம் சேர்த்து 20 பைட் என்றால், ஒரு ஃபிரேமுக்கு 2,000 பைட். நிமிடத்துக்கு 3,600 ஃபிரேம், அதாவது 7.2 மெகாபைட். அரை மணி நேரம் ஒரே லெவலில் யோசித்துக்கொண்டே ஆடினால் 216 மெகாபைட். பிரெய்ட் முதலில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கருவியின் மொத்த நினைவகமே 512 மெகாபைட்தான். படங்கள், இசை, கேம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் மாறியதை மட்டும் எழுதிவைக்கும் தந்திரம் தேவைப்படுகிறது. அசையாமல் கிடக்கும் கல்லைப் பற்றி வினாடிக்கு 60 முறை 'அங்கேயே இருக்கிறது' என்று எழுத வேண்டியதில்லை. முழு நிலையை இடைவெளிவிட்டு ஒரு தடவை பதிந்துவிட்டு, நடுவில் வித்தியாசங்களை மட்டும் குறித்துக்கொண்டால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். கடைக்காரர் தினமும் மொத்தச் சரக்கையும் எண்ணாமல், வந்தது போனதை மட்டும் எழுதி, மாதக் கடைசியில் ஒருமுறை முழுக்க எண்ணுவது போல.

இலை, புகை, தூசி மாதிரி காற்றில் மிதப்பவற்றுக்கு இன்னும் அழகான வழி ஒன்று இருக்கிறது. அவற்றைப் பதிவே செய்ய வேண்டாம். 'இத்தனாவது வினாடியில் இந்தத் துகள் எங்கே இருக்கும்?' என்று கேட்டால் நேராகப் பதில் தரும் ஒரு சூத்திரமாக எழுதிவிட்டால், நேரத்தை முன்னே நகர்த்தினாலும் பின்னே நகர்த்தினாலும் துகள் தானாகச் சரியான இடத்தில் வந்து நிற்கும்.

கோடிங் தெரியாதவர்களுக்கு ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், புதிர் கேமில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் இரண்டு தனி வேலைகள் இல்லை. ரீவைண்டை ஒப்பேற்றியிருந்தால், சில பொருட்கள் மட்டும் லேசாகத் தப்பான இடத்துக்குத் திரும்பியிருந்தால், ஆடுகிறவர் 'இது புதிரா, கோளாறா?' என்று குழம்பியிருப்பார். அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அவர் யோசிப்பதை நிறுத்திவிடுவார்.

எட்டுமா, எட்டாதா?

அதே சந்தேகம் தாவலிலும் வரும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் அண்ணன் மகன். அவனுக்கு அப்போது பத்து வயது. கட்டம் போட்ட நோட்டில் வரைந்து, கோடோ என்ற இலவச என்ஜினில் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) நான் செய்து பார்த்த ஒரு சின்ன லெவலை அவன் கையில் கொடுத்தேன். ஒரு பள்ளம். அதைத் தாண்ட முடியாது, பக்கத்தில் இருக்கும் பெட்டியை நகர்த்தித்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். அவன் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளத்தைத் தாவிக்கொண்டே இருந்தான். இருபது தடவைக்கு மேல் விழுந்திருப்பான். அப்புறம் ஒரு தடவை அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "சித்தப்பா, இது எட்டுமா எட்டாதா?"

கணக்கு இப்படி. தரைத்தளம் முழுக்கச் சதுரக் கட்டங்களால் ஆனது; ஒரு கட்டத்தை டைல் என்பார்கள். என் ஆள் 3 டைல் உயரம் தாவ வேண்டும், 0.4 வினாடியில் உச்சிக்குப் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த அதே இயற்பியல்தான்: புவியீர்ப்பு உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும், 6 ÷ 0.16 = 37.5. கிளம்பும் வேகம் 6 ÷ 0.4 = 15, வினாடிக்கு 15 டைல். ஏறவும் இறங்கவுமாக மொத்தம் 0.8 வினாடி காற்றில். ஓடும் வேகம் வினாடிக்கு 6 டைல் என்றால், கிடைவாக்கில் தாண்டும் தூரம் 4.8 டைல்.

நான் வைத்திருந்த பள்ளம் 5 டைல். தாளில் பார்த்தால் தாண்ட முடியாது. ஆனால் நல்ல பிளாட்ஃபார்மர்களில் ஒரு தாராளம் உண்டு: விளிம்பைவிட்டுக் கால் விலகிய பிறகும் சுமார் 0.1 வினாடிவரை தாவல் பட்டனை ஏற்றுக்கொள்வார்கள். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடும் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கை வைத்து இதற்குக் கயோட்டி டைம் என்று பெயர். மனிதக் கை கம்ப்யூட்டர் மாதிரி துல்லியமானதல்ல, அதனால் இந்தச் சலுகை இல்லாவிட்டால் கேம் அநியாயம் செய்வது போலத் தோன்றும். நானும் அதைச் சேர்த்திருந்தேன். அந்த 0.1 வினாடியில் கூடுதலாக 0.6 டைல் ஓடலாம். 4.8உம் 0.6உம் சேர்ந்தால் 5.4. ஆக, மிகச் சரியான கணத்தில் அழுத்தினால் எட்டும், இல்லாவிட்டால் எட்டாது. அவன் கேட்டதற்கு என்னிடம் நேர்மையான பதிலே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தாண்டக்கூடிய பள்ளம் 4 டைலுக்கு மேல் போகக் கூடாது, தாண்ட முடியாத பள்ளம் 7 டைலுக்குக் குறையக் கூடாது. நடுவில் உள்ளது எதுவும் வேண்டாம். புதிர் கேமில் தோற்றவருக்குத் தோற்றது கையா தலையா என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் தப்பான கதவையே தட்டிக்கொண்டு நிற்பார், நம் பெட்டி அங்கே தூசி படிந்து கிடக்கும்.

அவன் ஆடும்போது நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ப்ளேடெஸ்ட்டின், அதாவது கேமை வேறொருவரை ஆடவிட்டுப் பார்ப்பதன், ஒரே கடினமான பகுதி அதுதான். "பெட்டியைப் பாரேன்" என்ற இரண்டு வார்த்தை தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் தாண்டியிருப்பான், எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. கேமை வாங்கும் ஆட்களின் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்கப் போவதில்லை அல்லவா.

லெவல்களை வரிசைப்படுத்துவதும் இதோடு சேர்ந்ததுதான். முதல் லெவலில் விதியைத் தப்பாகப் புரிந்துகொள்ளவே முடியாத ஒரு சூழலில் ஆளை நிறுத்த வேண்டும். குழியும் சாவியும் அதற்குத்தான்: அங்கே செய்வதற்கு வேறு எதுவுமே இல்லை, மாட்டிக்கொண்டவர் ரீவைண்ட் பட்டனை அழுத்தித்தான் ஆக வேண்டும், அழுத்தினால் பதில் கண்ணெதிரே. அடுத்த லெவலில் அதே விதி சற்று மறைந்து நிற்கும். அதற்கடுத்ததில், உங்களுக்குத் தெரிந்ததாக நீங்கள் நம்பிய ஒன்றே உங்களைத் தடுக்கும். பிரெய்டில் புதிர்களை விடுவித்துச் சேர்க்க வேண்டிய புதிர்த்துண்டுகள் மொத்தம் 60, இரண்டு முதல் ஆறுவரை ஓர் உலகத்துக்கு 12. ஒன்று சொன்னதையே இன்னொன்று சொன்னால் அதற்கு இடமில்லை. நீளத்தைக் கூட்ட ஐந்து லெவல் சேர்க்கலாமே என்ற ஆசையை அடக்குவது இண்டி கேம் செய்பவருக்குப் பெரிய சோதனை. வாங்குகிறவர்கள் இத்தனை ரூபாய்க்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பார்கள். இருந்தாலும் அடக்கத்தான் வேண்டும்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவக் கேமின் தளத்தில் புளோ ஒரு அதிகாரபூர்வ வழிகாட்டியும் வைத்தார். திறந்து படித்தால், வழிகாட்டிகளைப் பார்க்காதீர்கள், இந்தப் புதிர்கள் நியாயமானவை, நீங்களே கண்டுபிடியுங்கள் என்றுதான் அது சொல்கிறது. சிலருக்குக் கோபம் வந்திருக்கலாம். எனக்கு அது ஆடுகிறவர்மேல் வைத்த மரியாதையாகவே படுகிறது.

அழகும் பணமும்

2006இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் வடிவமைப்புப் புதுமைக்கான விருதை பிரெய்ட் வாங்கியபோது, அதன் படங்கள் புரோகிராமர் கையால் ஒப்புக்கு வரைந்தவை. விதியும் புதிர்களும் அப்போதே இருந்தன. அதற்குப் பிறகுதான் வலைச் சித்திரக்கதை வரைந்துகொண்டிருந்த டேவிட் ஹெல்மன் சேர்ந்து, இன்று நாம் பார்க்கும் தைலவண்ண ஓவியம் போன்ற தோற்றத்தைக் கொடுத்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள். சதுரப் பெட்டிகளை வைத்து ஆடும்போதே பிடித்திருந்தால்தான், மேலே வண்ணம் பூசும் செலவுக்கு அர்த்தம்.

ஓவியருக்கு இங்கே ஒரு விசேஷமான சிக்கல். காட்சி அழகாக இருக்க வேண்டும், அதே சமயம் எது நிற்கக்கூடிய தரை, எது வெறும் பின்னணி என்பது ஒரு பார்வையில் பிரிந்து தெரிய வேண்டும். பின்னணியில் ஒரு பாறையைத் தத்ரூபமாக வரைந்துவிட்டால் ஆட்கள் அதன்மேல் தாவி விழுவார்கள். அதனால் பின்னணி மங்கலாகக் கரைந்து நிற்கிறது, தரையின் ஓரங்கள் தெளிவாக நிற்கின்றன. டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'லிம்போ' இதே சிக்கலுக்கு வேறு பதில் சொன்னது: நிறமே வேண்டாம், எல்லாம் கறுப்பு நிழலுருவம், பின்னால் சாம்பல் மூட்டம். பார்க்கவும் பயமாக இருக்கிறது, தரையும் தெளிவாகத் தெரிகிறது.

இசையையும் புளோ புதிதாக எழுதச் சொல்லவில்லை. மாக்னடியூன் என்ற இசை நிறுவனத்திடமிருந்து, ஏற்கெனவே பதிவான செல்லோ, வயலின், யாழிசைத் துண்டுகளுக்கு உரிமம் வாங்கிக்கொண்டார். அந்த இசை பின்னோக்கி ஓடினாலும் கேட்க நன்றாக இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை.

பணம் பற்றி மறைக்காமல் பேசுவது நல்லது. புளோ தன் சொந்தப் பணத்தில் சுமார் 2 லட்சம் டாலர் போட்டார். ஓவியருக்கான சம்பளமும் தன் சாப்பாட்டுச் செலவும் அதில் பெரும்பகுதி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட் என்ற இணையக் கடையில் 15 டாலர் விலைக்கு வெளியானது. அந்த அளவுக் கேமுக்கு அது அதிகம் என்று அப்போது பேச்சு எழுந்தது. ஆனாலும் நன்றாகவே விற்றது. அந்த வருமானத்தை வைத்து அவர் 'தி விட்னஸ்' என்ற அடுத்த கேமைச் செய்து 2016இல் வெளியிட்டார். எல்லோருக்கும் இப்படி அமையாது. காலமும் அப்படித்தான்: முப்பரிமாண உலகத்தைத் தட்டையாகப் பார்த்து, திருப்பித் திருப்பி வழி கண்டுபிடிக்கும் 'ஃபெஸ்' 2007இல் அறிவிக்கப்பட்டு 2012இல்தான் வந்தது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகள் போதும், ஆரம்பிக்க.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கோடோ, யூனிட்டி, கேம்மேக்கர், எது கைக்கு வருகிறதோ அது. அதற்கும் முன்னால் ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும். ஒரு விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'நான் தாவினால் எல்லாக் கதவுகளும் திறந்து மூடும்' என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேளுங்கள். கதவு மூடும்போது நான் நடுவில் இருந்தால்? எதிரி தாவினாலும் திறக்குமா? நான் கதவின்மேலேயே நின்று தாவினால்? ஒரு மணி நேரத்தில் பத்து கேள்வி வரும், அதில் இரண்டு மூன்று நல்ல புதிர்களாக இருக்கும். கேள்வியே வரவில்லை என்றால் அந்த விதியை விட்டுவிட்டு அடுத்ததை எழுதுங்கள். நான் விட்ட விதிகள் ஒரு நோட்டு முழுக்க இருக்கின்றன.

இனி வருவது பிரெய்டின் முடிவு. ஆடும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் கையால் கண்டுபிடிக்க வேண்டிய இடம் அது.

கடைசியாக வரும் முதலாம் உலகத்தில் காலம் தானாகவே பின்னோக்கி ஓடுகிறது. இறுதி லெவலில், ஆட்டம் முழுக்க நீங்கள் தேடிவந்த இளவரசி ஒரு முரட்டு வீரனின் பிடியிலிருந்து தப்பிக் குதிக்கிறாள். நெருப்புச் சுவர் ஒன்று துரத்துகிறது. மேல்தளத்தில் அவள் ஓட, கீழ்த்தளத்தில் டிம் ஓடுகிறான், டிம் நீங்கள்தான். அவள் நெம்புகோல்களை இழுத்து உங்கள் வழியில் உள்ள தடைகளை விலக்குகிறாள். கடைசியில் அவள் வீட்டை அடைகிறீர்கள். மேலே போக வழியில்லை. செய்வதற்கு மிச்சம் இருப்பது ரீவைண்ட் மட்டும். அழுத்துகிறீர்கள். ஏற்கெனவே தலைகீழாக ஓடிக்கொண்டிருந்த காலம் இப்போது நேராகிறது. டிம் வீட்டுக்கு வெளியே நிற்கிறான், அவள் அவனைக் கண்டு ஓடுகிறாள். நெம்புகோல்களை இழுத்து அவன் வழியில் தடைகளை இறக்குகிறாள். ஓட்டத்தின் முடிவில் அந்த வீரன் கை நீட்டி அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவள் தப்பி ஓடியது உங்களிடமிருந்து.

இதை அங்கே யாரும் வந்து விளக்கிச் சொல்வதில்லை. இரண்டாம் உலகத்தின் முதல் லெவலிலிருந்து உங்கள் விரலுக்குக் கீழே இருந்த அதே பட்டன்தான்.